மணி பன்னிரண்டு ஆனால் ஆட்டம் குளோஸ்

2012, அக்டோபர் மாதத்தில் ஓர் இரவு. தென் கொரியாவில் ஒரு பையன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். வயது 15. விளையாட்டுப் பிள்ளைதான், ஆனால் விளையாட்டு அவனுக்குத் தொழில். ஸ்டார்கிராஃப்ட் 2 என்கிற கம்ப்யூட்டர் விளையாட்டில் உலக அளவில் பேர் வாங்கியவன். பிரான்ஸ் நாட்டுக்காரர்கள் நடத்தும் போட்டி ஒன்றின் தகுதிச் சுற்று நடந்துகொண்டிருக்கிறது. பாரிஸில் அப்போது சாயங்காலம் ஐந்து மணி. கொரியாவில் நள்ளிரவு பன்னிரண்டு.

அங்கேதான் வந்தது வினை.

ஆட்டத்தின் நடுவே பையனுக்குத் திடீரென்று உறைத்தது. ஐயையோ, மணி பன்னிரண்டாகிவிட்டதே! அவ்வளவுதான். கணக்கு மூடப்பட்டது. எதிராளி தோற்கடிக்கவில்லை. கரண்ட் போகவில்லை. அரசாங்கம் அவனை வெளியே தள்ளிவிட்டது. பதினாறு வயது நிரம்பாதவர்கள் நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை ஆன்லைனில் விளையாடக் கூடாது. சட்டம். வேற வழி? பெரியவர் ஒருவரின் கணக்கில் மறுபடி உள்ளே நுழைந்து ஆட்டத்தைத் தொடர்ந்தான். தோற்றுப் போனான்.

கொரியர்கள் இந்தச் சட்டத்துக்கு வைத்த செல்லப் பெயர், சிண்டரெல்லா சட்டம். மணி பன்னிரண்டு அடித்தால் ரதம் பூசணிக்காய் ஆகிவிடும் அல்லவா, அந்தக் கதைதான்.

கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால், உலகத்திலேயே முதலில் வீட்டுக்கு வீடு அகல அலைவரிசை இணையத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்த தேசம் அது. கையைப் பிடித்து இழுத்து வந்து பிள்ளைகளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்த தேசம். அதே தேசம் ஏன் பதறியடித்துக்கொண்டு பிளக்கைப் பிடுங்கியது?

அதற்குப் பதினைந்து வருடங்கள் பின்னால் போகவேண்டும்.

*

1997, நவம்பர். ஆசியப் பொருளாதாரம் வரிசையாகச் சரிந்துகொண்டிருந்த நேரம். தாய்லாந்து விழுந்தது. இந்தோனேஷியா விழுந்தது. அடுத்து கொரியா. ஒரு டாலருக்குத் தொள்ளாயிரம் சொச்சம் வோன் என்று இருந்த மதிப்பு, டிசம்பர் கடைசியில் கிட்டத்தட்ட இரண்டாயிரத்தைத் தொட்டது. கஜானா காலி. சர்வதேச நிதியத்தின் வாசலில் போய் நின்றார்கள். கடன் கிடைத்தது. கூடவே நிபந்தனைகளும் வந்தன.

கொரியர்கள் ரோஷக்காரர்கள். 1998 தொடக்கத்தில் கல்யாண மோதிரம், குழந்தையின் முதல் பிறந்த நாளுக்குப் போட்ட மோதிரம் என்று வீட்டில் இருந்த தங்கத்தையெல்லாம் கொண்டுவந்து கொடுத்தார்கள். சுமார் 35 லட்சம் பேர், 227 டன் தங்கம். 2001 ஆகஸ்டில், கெடுவுக்கு மூன்று வருஷம் முன்னாலேயே, நிதியத்தின் கடனை அடைத்துவிட்டார்கள்.

அது பிற்பாடு. 1998-ல் நிலைமை படு மோசம். ஒரு கம்பெனியில் சேர்ந்தால் ரிடையர் ஆகும்வரை அங்கேதான் என்று நம்பிக்கொண்டிருந்த சமூகம் அது. கம்பெனிகள் கொத்துக் கொத்தாக ஆட்களை வெளியே அனுப்பின. நெருக்கடிக்கு முன்னால் மூன்று சதவீதத்துக்கும் கீழே இருந்த வேலையின்மை, 1999 தொடக்கத்தில் எட்டு சதவீதத்தைத் தாண்டியது. வேலை போன விஷயத்தை வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு, காலையில் கோட்டு சூட்டோடு கிளம்பிப் போய்ப் பூங்காவில் உட்கார்ந்துவிட்டு வந்த அப்பாக்களைப் பற்றிப் பத்திரிகைகள் அப்போது எழுதித் தீர்த்தன.

இந்த அப்பாக்கள் கையில் செட்டில்மென்ட் பணம் கொஞ்சம் இருந்தது. என்ன செய்யலாம்? கோழி வறுத்து விற்கலாம். அல்லது, பிசி பாங் திறக்கலாம்.

பாங் என்றால் கொரிய மொழியில் அறை. பிசி பாங் என்றால் கம்ப்யூட்டர் அறை. நம் ஊர் பிரௌசிங் சென்டருக்குச் சித்தப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன வித்தியாசமென்றால், அங்கே யாரும் மெயில் பார்க்க வருவதில்லை. வரிசையாக இருபது, முப்பது கம்ப்யூட்டர்கள். சாய்ந்துகொள்ள வசதியான நாற்காலி. பசித்தால் கப் நூடுல்ஸ். சிகரெட் புகை. இருபத்து நாலு மணி நேரமும் கதவு திறந்திருக்கும். ஒரு மணி நேரத்துக்கு ஆயிரம் வோன், அதாவது அன்றைய நம் காசில் முப்பத்தைந்து, நாற்பது ரூபாய்.

சரி, வாடிக்கையாளர் வேண்டுமே? கலிபோர்னியாவிலிருந்து வந்தது உதவி. பிளிஸார்ட் என்கிற கம்பெனி 1998 மார்ச் 31 அன்று ஸ்டார்கிராஃப்ட் என்றொரு விளையாட்டை வெளியிட்டது. விண்வெளியில் மூன்று இனங்கள் மோதிக்கொள்ளும் யுத்தம். கம்ப்யூட்டரோடு தனியாக விளையாடுவதைவிட, நாலு சிநேகிதர்கள் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒருவரையொருவர் போட்டுத் தாக்குவதில்தான் அதன் ருசி. பிசி பாங்குக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை.

இன்னொரு சங்கதி. ஜப்பான்மீது கொரியாவுக்கு இருந்த பழைய கசப்பு காரணமாக, ஜப்பானியக் கலாசாரச் சரக்குகளுக்கு அங்கே வெகுகாலம் தடை இருந்தது. 1998-ல்தான் படிப்படியாகத் தளர்த்த ஆரம்பித்தார்கள். ஆகவே, மற்ற நாடுகளில் பையன்கள் டிவியில் மாட்டி விளையாடிய ஜப்பானிய கேம் பெட்டிகள் கொரிய வீடுகளில் அவ்வளவாக வேர் பிடிக்கவில்லை. அந்தக் காலி இடத்தில் கம்ப்யூட்டர் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

1997-ல் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்த பிசி பாங்குகள், 2001-ல் இருபதாயிரத்தைத் தாண்டின. உலகம் முழுக்க விற்ற ஸ்டார்கிராஃப்டில் கிட்டத்தட்டப் பாதி, ஐந்து கோடிப் பேர்கூட இல்லாத அந்த ஒரு நாட்டில் விற்றது.

*

அரசாங்கம் என்ன செய்துகொண்டிருந்தது? சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தது.

1998 பிப்ரவரியில் ஜனாதிபதியானவர் கிம் டே ஜுங். கப்பல், கார், இரும்பு என்று கனரகத் தொழிலை மட்டும் நம்பி இனி காலம் தள்ள முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அடுத்து என்ன என்று ஆலோசனை கேட்டுக்கொண்டிருந்தார். ஜப்பானில் தொழில் செய்து கோடீஸ்வரரான கொரிய வம்சாவளிக்காரர் மாசயோஷி சன் அவரைச் சந்தித்தபோது மூன்று யோசனைகள் சொன்னாராம். முதலாவது பிராட்பேண்ட். இரண்டாவது பிராட்பேண்ட். மூன்றாவதும் அதேதான். பக்கத்தில் இருந்த பில் கேட்ஸும் ஆமாம் போட்டார் என்பது சன் பின்னாளில் அலுக்காமல் சொன்ன கதை.

1998 ஜூலையில் த்ருநெட் என்ற கம்பெனி கேபிள் வழியாக அதிவேக இணையத்தைக் கொடுக்க ஆரம்பித்தது. அடுத்த வருஷம் ஹனாரோ, கொரியா டெலிகாம் இரண்டும் தொலைபேசிக் கம்பி வழியாகப் போட்டிக்கு வந்தன. மாதம் முப்பது, நாற்பதாயிரம் வோன். எத்தனை மணி நேரம் பார்த்தாலும் அதே காசு. மீட்டர் ஓடாது. இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் 'போதும், எழுந்திரு' என்று சொல்ல வீட்டில் இருந்த ஒரே காரணம், பில் எகிறிவிடும் என்கிற பயம். அதுவும் போச்சு.

கொரிய நகரங்களோ அடுக்குமாடிக் காடுகள். ஒரு கட்டடத்துக்குக் கம்பி இழுத்தால் நூறு வீட்டுக்கு இணைப்பு கொடுத்துவிடலாம். செலவு கட்டுப்படியானது. நல்ல இணைய வசதி உள்ள கட்டடங்களுக்கு அரசாங்கமே சான்றிதழ் வழங்கியது. அந்தச் சான்றிதழ் இருந்தால் ஃபிளாட்டுக்கு மவுசு கூடும். 2000-ல் பத்து லட்சம் இல்லத்தரசிகளுக்கு இணையம் சொல்லிக் கொடுக்க ஒரு திட்டம். அதே வருஷம் முடிவதற்குள் எல்லாப் பள்ளிகளுக்கும் இணைப்பு. பிள்ளையின் படிப்புக்குக் கம்ப்யூட்டர் அவசியம் என்று அம்மாக்கள் நம்பினார்கள். கடன் வாங்கியாவது வாங்கிப் போட்டார்கள். 2002 அக்டோபரில் அகல அலைவரிசை இணைப்புகள் ஒரு கோடியைத் தொட்டன. உலக நாடுகள் வாய் பிளந்தன.

விளையாட்டு, வேடிக்கையிலிருந்து உத்தியோகமாகவும் ஆனது. 2000-ல் கம்ப்யூட்டர் விளையாட்டுக்கென்றே ஒரு டிவி சானல் வந்தது. விளையாட்டு வீரர்களுக்கென்று சங்கம் வந்தது. லிம் யோ ஹ்வான் என்ற ஸ்டார்கிராஃப்ட் வீரருக்கு ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களோடு ரசிகர் மன்றமே இருந்தது. 2004 ஜூலையில் புசான் நகரக் கடற்கரையில் நடந்த லீக் இறுதிப் போட்டியைப் பார்க்க ஒரு லட்சம் பேர் திரண்டதாகச் சொன்னார்கள். மணலில் உட்கார்ந்து, பெரிய திரையில், இரண்டு பேர் மவுஸை உருட்டுவதைப் பார்க்க!

ஒரு பதினைந்து வயதுப் பையன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

*

அந்தப் பையனின் ஒரு நாளைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

காலையில் பள்ளிக்கூடம். முடிந்ததும் ஹாக்வான். ஹாக்வான் என்றால் டியூஷன் சென்டர். கணக்குக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று. நவம்பரில் வரும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுதான் வாழ்க்கையைத் தீர்மானிக்கும். அன்றைக்கு ஆங்கிலம் காதால் கேட்டு எழுதும் நேரத்தில் விமானங்கள் தரை இறங்கக்கூட அனுமதிப்பதில்லை. மாணவர்கள் மத்தியில் ஒரு பழைய சொலவடை உண்டு. சா தாங் ஓ ராக். நாலு மணி நேரம் தூங்கினால் பாஸ், ஐந்து மணி நேரம் தூங்கினால் ஃபெயில் என்று அர்த்தம். இதில் வேடிக்கை என்னவென்றால், 'ஓராக்' என்ற அதே உச்சரிப்பில் கொரிய மொழியில் இன்னொரு சொல் இருக்கிறது. கேளிக்கை, பொழுதுபோக்கு என்பது அதன் பொருள்.

ராத்திரி பத்து மணிவரை ஹாக்வான். அதற்கு மேலும் நடத்திக்கொண்டிருந்தவர்களைத் தடுக்கவே சியோல் நகரத்தில் பத்து மணியோடு மூடவேண்டும் என்று விதி போட்டார்கள். மூடினார்கள். பையன் வீட்டுக்கு வருவான். அப்பா ஆபீசிலிருந்து வந்திருக்கமாட்டார். மைதானத்தில் விளக்கு இருக்காது. சிநேகிதர்கள் யாரும் தெருவில் இருக்கமாட்டார்கள்.

அவர்கள் எல்லோரும் இருக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். அது திரைக்குள்ளே இருந்தது.

*

கெட்ட செய்திகள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. 2002 அக்டோபரில் குவாங்ஜு நகரத்து பிசி பாங் ஒன்றில், 86 மணி நேரம் ஏறக்குறைய இடைவிடாமல் விளையாடிய 24 வயது இளைஞர் செத்துப் போனார். 2005 ஆகஸ்டில் டேகு நகரத்தில் ஒரு 28 வயதுக்காரர். ஐம்பது மணி நேரம் ஸ்டார்கிராஃப்ட். 2009-ல் நடந்ததுதான் கொடுமையின் உச்சம். ஒரு தம்பதி பிசி பாங்கில் கிடந்து, விளையாட்டுக்குள் ஒரு கற்பனைப் பெண்குழந்தையைச் சீராட்டி வளர்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் அவர்களுடைய நிஜக் குழந்தை, மூன்று மாதச் சிசு, பட்டினியால் இறந்தது. 2010 மார்ச்சில் அவர்கள் கைதானபோது தேசமே அதிர்ந்துவிட்டது.

கவனியுங்கள். இவர்களில் ஒருவர்கூடப் பள்ளிப் பிள்ளை இல்லை. எல்லோரும் பெரியவர்கள். ஆனால், பயம் என்னவோ பிள்ளைகள் பக்கம்தான் திரும்பியது. நியாயமான பயம்தான் என்பதையும் சொல்லவேண்டும். பள்ளிக்குப் போகாமல், சாப்பிடாமல், அம்மாவை அடித்துவிட்டு விளையாடுகிற பையன்கள் நிஜமாகவே இருந்தார்கள்.

2002-லேயே அரசாங்கம் இணைய அடிமைத்தனத்துக்கென்று ஓர் ஆலோசனை மையம் திறந்துவிட்டது. 'கே ஸ்கேல்' என்று ஒரு கேள்வித் தாள் தயாரித்து, யார் எந்த அளவுக்கு மூழ்கியிருக்கிறார்கள் என்று அளக்க ஆரம்பித்தார்கள். 2007-ல் மோக்சோன் என்ற ஊரில் ஒரு முகாம். 12 நாள். செலவு அரசாங்கத்துடையது. கம்ப்யூட்டர் கிடையாது. செல்போன் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். காலையில் ராணுவப் பயிற்சி மாதிரி ஓட்டமும் தாண்டலும். அப்புறம் குதிரை ஏற்றம், மண்பாண்டம், மேளம். ஆரம்பத்தில், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் கிடைத்த பத்து நிமிஷ இடைவேளையில்கூட நழுவிப்போய் இணையத்தைத் தேடிய பையன்கள் உண்டு. பிறகு தூங்கும்போதும் காவல் போட்டார்கள்.

இந்த முகாமைச் சுலபமாகக் கிண்டல் செய்துவிடலாம். எனக்கென்னவோ வேறு மாதிரி தோன்றுகிறது. ஒரு பதினைந்து வயதுப் பையனுடன் பன்னிரண்டு நாள் பெரியவர்கள் கூடவே இருந்தார்கள். பேசினார்கள், ஓடினார்கள், மேளம் கொட்டினார்கள். அதில் எத்தனை பேர் வீட்டில் இது எத்தனை நாள் நடந்திருக்கும்?

ஆனால் முகாம் என்றால் ஆள் வேண்டும், பணம் வேண்டும், பொறுமை வேண்டும். ஒரு தடவைக்குப் பதினாறு, பதினெட்டுப் பேரைத்தான் சேர்க்க முடியும். சட்டத்துக்கு இதெல்லாம் தேவையில்லை. ஒரு பேனா போதும்.

*

2011 மே 19 அன்று சட்டத்தில் அரசாங்கம் கையெழுத்துப் போட்டது. நவம்பர் 20 முதல் அமல். அனுமதித்தால் கம்பெனிக்குத் தண்டனை. இரண்டு வருஷம் வரை சிறை அல்லது ஒரு கோடி வோன் வரை அபராதம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? கொரியாவில் ஒவ்வொருவருக்கும் 13 இலக்கக் குடியிருப்போர் எண் உண்டு. முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. கணக்கு ஆரம்பிக்கும்போது அந்த எண்ணைத் தரவேண்டும். வயது தெரிந்துவிடும். பக்காவான ஏற்பாடு என்று நினைத்தார்கள்.

பையன்கள் அம்மாவின் எண்ணைப் போட்டார்கள். முடிந்தது கதை.

வேடிக்கை அதோடு நிற்கவில்லை. சட்டத்தைக் கொண்டுவந்தது பாலின சமத்துவ மற்றும் குடும்ப அமைச்சகம். எதிர்த்தது அதே அரசாங்கத்தின் கலாசார அமைச்சகம். ஏனென்றால் கேம் கம்பெனிகளை வளர்ப்பது அவர்கள் வேலை. அந்த வருஷங்களில் கொரியாவின் பொழுதுபோக்கு ஏற்றுமதியில் பாதிக்குமேல் வருமானம் பாட்டிலும் சினிமாவிலும் இல்லை, கேமில் இருந்தது. 2013-ல் மது, போதை மருந்து, சூதாட்டத்தோடு நாலாவதாக கேமையும் சேர்க்க ஒரு மசோதா வந்து, பெரிய ரகளையாகி, நிறைவேறாமல் போனது. ஒரே வீட்டில் ஒருத்தர் கடை நடத்துகிறார், ஒருத்தர் கடைக்குப் பூட்டுப் போடுகிறார்.

வழக்கு அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனது. 2014 ஏப்ரலில் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு. ஏழு நீதிபதிகள் ஆதரவு, இரண்டு பேர் எதிர்ப்பு. பிள்ளைகளின் உடம்புக்கும் தூக்கத்துக்கும் பாதுகாப்பு என்பது ஆதரித்தவர்களின் வாதம்.

சரி, தூங்கினார்களா? 2017-ல் வெளியான ஓர் ஆய்வு இதைத்தான் கணக்குப் போட்டுப் பார்த்தது. இந்தச் சட்டத்தால் பிள்ளைகளின் தூக்கம் எவ்வளவு கூடியது? ஒன்றரை நிமிடம்.

ஆமாம். ஒன்றரை நிமிடம். ஒரு நாடாளுமன்றம், இரண்டு அமைச்சகம், ஒன்பது நீதிபதிகள், பத்து வருஷம். பலன், கொட்டாவி விட்டு முடிக்கிற நேரம்.

இதற்குள் காலமும் மாறிவிட்டது. 2009 நவம்பரில் ஐபோன் கொரியாவுக்குள் வந்தது. அடுத்த சில வருஷங்களில் திரை மேஜையிலிருந்து இறங்கிச் சட்டைப் பைக்குள் போய்விட்டது. சிண்டரெல்லா சட்டமோ மொபைல் கேம்களைத் தொடவே இல்லை. 2015-ல் சிறுவர்களின் போனில் கண்காணிப்புச் செயலி கட்டாயம் என்று விதி போட்டார்கள். அதற்காக வந்த ஸ்மார்ட் ஷெரிஃப் என்ற செயலியைச் சோதித்துப் பார்த்தால், ஓட்டை மேல் ஓட்டை. பிள்ளைகளின் விவரங்களை எந்தத் திருடனும் எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலைமை. அந்த வருஷமே அதைத் திரும்பப் பெற்றார்கள்.

கடைசியில் சட்டத்துக்குச் சாவுமணி அடித்தது மைன்கிராஃப்ட். குழந்தைகள் கட்டம் கட்டமாக வீடு கட்டி விளையாடுகிற சாதுவான விளையாட்டு அது. நள்ளிரவில் சிறுவர்களை மட்டும் பிரித்து வெளியே அனுப்புகிற ஏற்பாடெல்லாம் தனியாகச் செய்யமுடியாது என்று, கொரியாவில் 19 வயதுக்கு மேற்பட்டவர்கள் மட்டுமே கணக்கு வைத்துக்கொள்ளும்படி ஆக்கிவிட்டது மைக்ரோசாஃப்ட். 2021-ல் உலகம் முழுக்கச் சின்னக் குழந்தைகள் விளையாடியது, கொரியாவில் 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' ஆனது. ஊரே சிரித்தது. ஆகஸ்டில் சட்டத்தைக் கைவிடுவதாக அரசாங்கம் அறிவித்தது. 2022 ஜனவரி 1 முதல் அது இல்லை.

*

2023 செப்டம்பர். சீனாவின் ஹாங்சோ நகரத்தில் ஆசிய விளையாட்டுப் போட்டி. கம்ப்யூட்டர் விளையாட்டுக்கும் பதக்கம் உண்டு. கொரிய அணி தங்கம் வென்றது. அணியின் நட்சத்திரம் லீ சாங் ஹியோக், ஃபேக்கர் என்றால் உலகத்துக்கே தெரியும். 2013-ல், பதினாறு வயதில், பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு விளையாட வந்தவர். ஆசியத் தங்கம் வென்ற கொரிய ஆண்களுக்குக் கட்டாய ராணுவ சேவையிலிருந்து விலக்கு. அவருக்கும் கிடைத்தது. எந்த விளையாட்டை நள்ளிரவில் குற்றம் என்றார்களோ, அதற்கே தேச சேவை என்று முத்திரை குத்தினார்கள்.

அதே நாடு 2025 ஆகஸ்டில் வகுப்பறையில் மொபைலுக்குத் தடை விதித்து இன்னொரு சட்டம் போட்டது. 2026 மார்ச்சில் தொடங்கும் கல்வியாண்டு முதல் அமல் என்றார்கள்.

நமக்கும் இதில் பாடம் உண்டு. 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு இணைய விளையாட்டு ஆணையம், பணம் வைத்து விளையாடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை தடை போட்டது. ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லும் என்றது. காசை இழந்து உயிரையே விட்டவர்களின் கதை அதற்குப் பின்னால் இருக்கிறது. சூதாட்டமும் ஸ்டார்கிராஃப்டும் ஒன்றல்ல. ஆனாலும் அந்தக் கடிகார முள்ளைப் பார்க்கும்போது கொரியா ஞாபகம் வராமல் இருக்காது.

சட்டமே வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளைகளை இழுத்துப்போடப் பெரிய பெரிய கம்பெனிகள் மூளையைக் கசக்கும்போது, தடுக்க யாராவது வேண்டும்தான். ஆனால் கொரியா கதவைச் சாத்தியதே தவிர, பையன் வேறு எங்கே போவான் என்று யோசிக்கவில்லை. படிப்பு பத்து மணிக்கு முடியும். விளையாட்டு பன்னிரண்டு மணிக்கு மூடும். நடுவில் இருந்த இரண்டு மணி நேரம்தான் அவனுடையது. அதை வைத்துக்கொண்டுதான் அவன் சிநேகிதம் பிடித்தான், ஜெயித்தான், தோற்றான், சிரித்தான். சட்டம் போட்ட பெரியவர்கள் யாரும் ஹாக்வானின் நேரத்தில் ஒரு மணியைக் குறைத்து, அவனுக்கு மைதானத்தில் ஒரு விளக்குப் போட்டுக் கொடுக்கலாம் என்று சொன்னதாகத் தெரியவில்லை.

சொல்லியிருந்தால் ஒருவேளை ஒன்றரை நிமிடத்துக்குமேல் தூங்கியிருப்பான்.